சென்னீர்குப்பத்துக் காற்றாடியும் என் இரண்டு இனிஷியல்களும்

1. நீயே போய்ப் பார்

"கோதண்டம், சென்னீர்குப்பத்துல நாம போட்ட காத்தாடி சுத்தலையாம். மனு வந்திருக்கு. நீயே போய்ப் பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதிடுப்பா. அந்த சைட் உன்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

எங்கள் ஏ.ஈ., அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினியர், தணிகாசலம் சார் இப்படிச் சொல்லிக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஏனென்றால் அந்த சைட்டை அதுவரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. அம்பத்தூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். நான் அங்கே பிளான்களை வரைகிற, சரிபார்க்கிற டிராஃப்ட்ஸ்மேன். சிறு விவசாயிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் காற்றாடி கொடுக்கும் மானியத் திட்டம் எங்களிடம் இருந்தது. இன்று தெற்கே போகும்போது ரயில் ஜன்னலில் தெரிகிற மூன்று இறக்கை ராட்சசர்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது முப்பதடி இரும்புக் கோபுரம். உச்சியில் வட்டமாகத் தகர இதழ்கள். அவை சுற்றினால் ஒரு கம்பி கிணற்றுக்குள் ஏறி இறங்கும், தண்ணீர் மேலே வரும். சுற்றாவிட்டால் காக்காய் வந்து உட்காரும்.

மனுவை எடுத்துப் படித்தேன். கன்னியம்மா என்ற பூந்தோட்டக்காரர் பெயரில் அவருடைய கணவர் எழுதியிருந்தார். "ஐயா, காற்றாடி வைத்து மூன்று மாதமாகிறது, இன்னும் சுற்றவில்லை. மல்லிச் செடி காய்கிறது. எங்கள் பக்கம் ஏதாவது தப்பு இருந்தால் சொல்லவும், திருத்திக்கொள்கிறோம்."

கோப்பில் இருந்த சைட் பிளானைப் பிரித்தேன். டிரேசிங் தாளிலிருந்து நகல் எடுத்த அம்மோனியா பிரிண்ட், பழுப்பேறி இருந்தது. கன்னியம்மாவின் சர்வே நம்பருக்கு அடியில் வேறொரு நம்பர் மங்கலாகத் தெரிந்தது, துவைத்தும் போகாத கறை மாதிரி. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அது ஆவடி ஏரிக்கரையில் யாரோ ஒருவருடைய நிலத்தின் நம்பர்.

பிளானின் வலது மூலையில் வரைந்தவர் கட்டத்தில் எஸ்.கே. என்று இருந்தது. சரிபார்த்தவர் கட்டத்திலும் எஸ்.கே. இரண்டும் நான்தான். இப்போது காற்றாடி ஏன் சுற்றவில்லை என்று விசாரிக்கப் போகிறவனும் நான்தான்.

2. சாயந்திரம் வரைவது, காலையில் பார்ப்பது

இது எப்படி நடந்தது என்று கேட்டால், எல்லாரும் நல்லவர்களாக இருந்ததால்தான் நடந்தது என்று சொல்வேன். சிரிக்காதீர்கள்.

காற்றாடி கேட்டு மனுப் போடுகிறவர் ஒரு சைட் பிளான் வைக்க வேண்டும். கிணறு எங்கே, வீடு எங்கே, மரம் எங்கே என்று அதில் இருக்க வேண்டும். கோபுரத்துக்குப் பக்கத்தில், குறிப்பிட்ட தூரத்துக்குள், காற்றை மறைக்கிற உயரமான மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். ஆனால் பாவம், தோட்டக்காரர்கள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வீட்டு பிளான் போடுகிறவர்களிடம் போவார்கள். அவர்கள் நிலத்துக்கு நடுவே ஒரு ஹாலும் கிச்சனும் போடாததுதான் பாக்கி. நாங்கள் திருப்பி அனுப்புவோம். மறுபடி வருவார்கள். மறுபடி அனுப்புவோம்.

தணிகாசலம் சாருக்கு இது பொறுக்கவில்லை. "வேலையை வுட்டுட்டு வர்ற ஜனங்களை ஏன்யா மூணு மூணு வாட்டி அலைய வுடுறீங்க? கோதண்டம், நீயே சாயந்திரம் வீட்டுல வரைஞ்சு குடு. நீ வரைஞ்சா தப்பு இருக்காது, ஒரே வாட்டியில பாஸாயிடும்" என்றார்.

அவர் அதில் ஒரு பைசா எதிர்பார்க்கவில்லை. நான் கூலி வாங்கிக்கொண்டேன், மறைக்க ஒன்றுமில்லை. வெளியே கேட்பதைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். அதனால் என்னை ஒரு தர்மவான் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, சாயந்திரம் வீட்டில் பிளான் வரைவேன். காலையில் அது என் பையில் ஏறி, அலுவலகத்தில் என் மேசையில் இறங்கும். நானே சரிபார்த்து இனிஷியல் போடுவேன். தணிகாசலம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எஸ்.கே. வரைஞ்சத எஸ்.கே.வே பார்த்தாச்சு, இதுல நான் வேற எதுக்குடா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஒவ்வொரு நிலத்துக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். பிறகு மனுக்கள் குவிந்தன. மார்ச் மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். அப்போதுதான் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒன்றை நானும் செய்தேன். மெல்லிய தாளில் மையால் வரைந்த, நன்றாக வந்திருந்த ஒரு டிரேசிங்கைத் தாயாக வைத்துக்கொண்டேன். ஆவடி ஏரிக்கரை நிலம் அது. ஒரு கிணறு, நாலு பக்கமும் வெட்டவெளி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதை நகல் எடுத்து, பழைய பெயரையும் சர்வே நம்பரையும் பிளேடால் சுரண்டி, மை ஊறாமல் இருக்க அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, புதுப் பெயரை எழுதினால் ஒரு பிளான் தயார். சுரண்டுவதில் நான் கெட்டிக்காரன். டிரேசிங்கில் பார்த்தால் தெரியாது. பிரிண்ட் போட்டால்தான் காட்டிக்கொடுக்கும்.

வேறு எவனாவது இப்படி ஒரு பிளானைக் கொண்டுவந்திருந்தால் அந்த மங்கலான நம்பரை ஒரு நொடியில் பிடித்திருப்பேன், அவனை நாலு வார்த்தை கேட்டும் இருப்பேன். என் கையெழுத்தை நானே பார்த்ததால் கண்ணில் படவில்லை. கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

3. கயிறும் வாளியும்

மறுநாள் ஓவர்சியர் மாசிலாமணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மாசிலாமணி என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை, இவன் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். இடத்தை நேரில் பார்த்து 'தடை ஏதுமில்லை' என்று எழுதித் தருவது அவன் பொறுப்பு. சென்னீர்குப்பம் ஸ்டாப்பில் இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பெங்களூர் ரோட்டோரம் வரிசையாகப் புளியமரங்கள். ஒவ்வொன்றும் ஒரு யானை மாதிரி. அவற்றை ஒட்டிக் குறுகலாக, நீளமாக உள்ளே ஓடுகிறது கன்னியம்மாவின் நிலம். மரங்களுக்கு அடுத்தே கிணறு. கிணற்றின் மேல் எங்கள் கோபுரம். மேற்கே ஒரு ரைஸ் மில்லின் உயரமான சுவர். காற்றாடி இதழ்கள் அசையாமல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"டேய் மாசி, இந்த மரத்தையெல்லாம் நீ பார்க்கலையா?"

"பாத்தேன் அண்ணாத்தே."

"அப்புறம் எப்படிடா தடை இல்லைன்னு எழுதின?"

"மொதல்ல எழுதறப்ப நான் இங்க வரல. உன் பிளானப் பாத்துதான் எழுதினேன். நீ நேர்ல பாக்காமயா வரைவ? அப்பால டவர் நிறுத்தற அன்னிக்கு வந்து பாத்தா, மரம் நிக்குது. ரோடு அகலப்படுத்த மரத்த வெட்டப் போறாங்க போல, அண்ணாத்தைக்கு வெசயம் தெரிஞ்சிருக்கும்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை ரோட்டிலேயே வைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். வாயைத் திறந்த பிறகுதான், அவனைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது உறைத்தது. அவன் என்னை நம்பினான். சார் எங்கள் இரண்டு பேரையும் நம்பினார். நான் ஒரு பிளேடை நம்பினேன்.

கன்னியம்மா கிணற்றடியில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டுப் பெரியவர்கள் கூலி வேலை பார்த்த நிலத்திலேயே, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முக்கால் ஏக்கர் வாங்கி மல்லி போட்டிருந்தார். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. முன்பு ஒரு ஆயில் இன்ஜின் வைத்திருந்தார். மானியம் போகக் காற்றாடிக்குத் தன் பங்கைக் கட்டுவதற்காக அதை விற்றுவிட்டார். கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். இப்போது கயிறும் வாளியும்தான். உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் பதறிப்போய்க் கயிற்றை விட்டார். "மேல எண்ணெ வுடலன்னு கேக்க வந்தியா சார்? சாமி சத்தியமா வுட்டுகினுதான் கீறோம். ஊட்டுக்காரரு மாசத்துக்கு ரெண்டு தபா ஏறி எண்ணெ வுட்டுட்டுதான் எறங்குவாரு. இன்னா தப்பு பண்ணோம்னே தெரியல."

"தப்பு உங்க மேல இல்லம்மா."

"அப்ப காத்தாடி மேலயா?"

"அது மேலயும் இல்ல."

அவர் வாளியை மறுபடி கிணற்றில் இறக்கினார். மல்லி அரும்பு கட்டுகிற மாதம் அது. ரோட்டுப் பக்கம், ஊற்றுகிற தண்ணீரைப் புளியமர வேர்கள் குடித்துவிடுகிற இடத்தில், செடிகளின் இலை பாதி பழுத்திருந்தது. பின்னால் இருந்தவை இன்னும் பச்சையாக இருந்தன. அந்தப் பச்சை எத்தனை வாளியில் நிற்கிறது என்று அவருடைய கைத்துணியைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னும் ஒரு பத்து பாஞ்சு நாளு தாங்கும் சார். அதுக்கு மேல என்னால இறைக்க முடியாது. செடி போச்சுன்னா மறுபடி வெச்சு அரும்பு எடுக்க ரெண்டு வருசம் ஆவும்" என்றார். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

4. ரிப்போர்ட்

அலுவலகத்துக்குத் திரும்பி தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு சமாசாரத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கழுதை" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்ச வசவு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி. 'அப்பகுதியில் காற்றின் வேகம் போதவில்லை'ன்னு ஒரு வரி எழுது. காத்து மேல யாரு கேஸ் போடப் போறா" என்றார்.

"அப்படி எழுதினா டவரைக் கழட்டி லிஸ்ட்டுல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க சார். அந்தம்மா கட்டின பங்கு ஃபைலோட ஃபைலா அலையும். அதுக்குள்ள செடி எல்லாம் போயிடும்."

"வேற எப்படி எழுதுவ?"

"ஆபீஸ் தப்புன்னு எழுதினா, டவரை வேற எடத்துக்கு நாமளே மாத்திக் குடுக்கலாம். விதியில இருக்கு."

"இருக்கு. ஆபீஸ்னு ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடுவாரா? யாரு தப்புன்னு மேல கேப்பாங்கல்ல?"

"என் தப்பு சார். கூலி வாங்கி வரைஞ்சதும் நான், சரின்னு சொன்னதும் நான்."

"உன் பேருக்குக் கீழ என் பேரு இருக்குடா. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் சர்வீஸ். பொண்ணு கல்யாணம் வேற கெடக்குது."

அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, லீவு லெட்டர்கூடக் கேட்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். அவரை மாட்டிவிட எந்தக் கை துணியும்? எழுதாமல் இருந்தால் தோட்டம் போய்விடும். எழுதினால் சாரின் கடைசி வருஷம் கெடும். இரண்டு நாள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் எழுதிவிட்டேன். நிலத்தை நேரில் பார்க்காமல் வேறொரு நிலத்தின் பிளானை நகல் எடுத்தேன், கூலி பெற்று வரைந்த பிளானை நானே சரிபார்த்தேன், தடைகள் முதலிலிருந்தே இருந்தன, பயனாளி மேல் எந்தத் தவறும் இல்லை. நாலே வரி. சார் பெயரை எங்கேயும் எழுதவில்லை. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். "என் பேரை வுட்டுட்டியே" என்றார்.

"தேவையில்லன்னு நெனைச்சேன் சார்."

"நான்தான உன்னை வரையச் சொன்னேன்? அப்ப எவன் என் பேரை எழுதுவான்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார். 'பிளான்களை மேற்படி ஊழியரே வரையும்படி சொன்னது நான். அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டதும் நான்.' தேதி போட்டார். கோப்பைக் கட்டினார். "போ, என் கண்ணுல படாத" என்றார்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, "வந்து சாப்பிடு. கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத. தனியா சாப்பிடப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழ சாதத்தில் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

பின்னால் எனக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றது. அவருக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. பென்ஷனுக்குக் குந்தகம் வரவில்லை. வந்திருந்தால் இதை இவ்வளவு லேசாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

5. கன்னியம்மா போட்ட பிளான்

கோபுரத்தை மாற்ற உத்தரவு வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. உத்தரவு வந்த அன்றே நானும் மாசிலாமணியும் டேப்போடு போனோம். இந்த முறை டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் கன்னியம்மா. நான் அளந்து வரைய வேண்டும், மாசிலாமணி தனியாக அளந்து சரிபார்க்க வேண்டும், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது தணிகாசலம் சாரின் உத்தரவு.

"எங்க மாத்தறதுன்னு பார்க்கணும்மா. மில்லு சுவத்துல இருந்து தள்ளிப் போகணும்" என்றேன்.

"மில்லுக்காரன் அடுத்த வருசம் மேல மாடி போடப் போறான் சார். செங்கல்லு எறங்கிடுச்சு. அதையும் சேத்துக் கணக்கு பண்ணிக்கோ."

மாசிலாமணி என்னைப் பார்த்தான். எந்த இன்ஸ்பெக்‌ஷனில் இது தெரிந்திருக்கும்?

"காத்து எந்தப் பக்கம் நல்லா வரும்?"

"இன்னா சார் இப்டி கேக்கற? மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வரும். அது புளியமரத்துலயே நின்னுடும், இங்க ஒரு எலகூட ஆடாது. பின்னால வா, காட்டறேன்."

நிலத்தின் கோடிக்கு நடந்தோம். அங்கே செடிகளுக்கு அப்பால், ஏரிப் புறம்போக்கை ஒட்டி, கல் கட்டிய பழைய கிணறு ஒன்று இருந்தது. ஆயில் இன்ஜினை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்பதால் அதைச் சும்மா விட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன், தண்ணீர் நின்றிருந்தது. மணி மூன்று இருக்கும். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே காற்று எழுந்தது. என் கையிலிருந்த தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. கன்னியம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"சாயங்காலத்துல இங்க நிக்கவே முடியாது சார். துணி காயப்போட்டா ஏரியிலதான் போய்ப் பொறுக்கணும்."

நான் சொல்லாமலேயே மாசிலாமணி அந்த இடத்தில் முளை அடித்தான்.

ஒரே வாரத்தில் கோபுரத்தைக் கழற்றிப் பின்கிணற்றில் நிறுத்தினார்கள். முதல் நாள் சாயந்திரமே சுற்ற ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் விட்டுவிட்டு வந்தது, பிறகு நிற்காமல் வந்தது. வாய்க்கால் வழியாக அது முன்பக்கம் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் ரோட்டோரம் இருந்த ஏழு வரிசைச் செடிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உத்தரவு வருவதற்கு முன்பே அவை போய்விட்டன. கன்னியம்மா ஒரு செடியின் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. அடுத்ததையும் கீறினார். பிறகு விட்டுவிட்டார்.

"வேற யாரோ நெலத்துப் படத்தை உங்க பேர்ல வரைஞ்சு வெச்சது நான்தான். மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன். இந்த வேலையில் நான் ஒரு பயனாளியிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வுடு சார். பாதியாச்சும் நின்னுச்சே." வாய்க்காலை அடைத்திருந்த மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டார். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார். "அந்தப் படத்த மொதல்லயே எங்கிட்ட காட்டியிருந்தா, இது எங்க நெலம் இல்லன்னு பாத்த ஒடனே சொல்லியிருப்பேனே. இவளுக்கு இன்னா தெரியும்னுதான காட்டல?"

"இல்லம்மா, சத்தியமா அப்படி நெனைக்கல."

"அப்பறம்?"

பதில் என்னிடம் இருந்தது. வரைகிற இடத்திலும் நான், பார்க்கிற இடத்திலும் நான் என்று ஆன பிறகு, நடுவில் நிலத்துக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதையே நான் நினைக்கவில்லை. அவரைப் பற்றிக் கெட்டதாக நினைத்திருந்தால்கூட ஒரு தடவையாவது நினைத்ததாக இருந்திருக்கும். அதை எப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்வது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் லஞ்சம் வாங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். லஞ்சம் வாங்காத என்னால்தான் ஏழு வரிசை மல்லிச் செடி காய்ந்தது.